இலண்டன் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரதம்

ஒரு மாநகரத்தின் வரலாற்றை அறிய விரும்பி அங்கே செல்வோர் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தே அதனைக் கற்கின்றனர். கோபுரங்கள், அரண்மனைகள், தேவாலயங்கள், வெற்றித் தூண்கள் ஆகிய யாவும் தலைக்கு மேலே உயர்ந்து நிற்பவை. ஆயின் இலண்டன் மாநகரின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதியை அறிய வேண்டுமானால், நாம் குனிந்து படி இறங்கவேண்டும். அந்நகரின் வீதிகளுக்கு அடியிலே, களிமண்ணைக் குடைந்து அமைத்த சுரங்கங்களிலே, ஏறத்தாழ 160 ஆண்டுக்கால மனித வாழ்க்கை படிந்து கிடக்கின்றது. உலகில் முதன்முதல் நிலத்தின் கீழே புகையிரதத்தை ஓட்டிய நகரம் அதுவே.

இன்று அந்தப் புகையிரத அமைப்பில் 11 பாதைகளும் 272 நிலையங்களும் உள்ளன. தண்டவாளங்களின் நீளம் 402 கிலோமீற்றர். நிலக்கீழ்ப் புகையிரதம் என்று பெயர் இருந்தபோதிலும், அதன் பாதையிற் பாதிக்கு மேற்பட்ட பகுதி வெட்டவெளியில் நிலத்தின் மேலேயே செல்கின்றது என்பதைக் கேட்டால் நேயர்கள் வியப்படையக்கூடும். நாள்தோறும் இதிற் செல்லும் இலட்சக்கணக்கான மக்கள் காணாத நிலையங்களும் சில உண்டு. அவை மூடப்பட்ட நிலையங்கள். இலண்டன் போக்குவரத்து நூதனசாலையார், கட்டணம் பெற்றுக்கொண்டு, வழிகாட்டி ஒருவரின் துணையோடு அவற்றுட் சிலவற்றுக்குள் மக்களை அழைத்துச் செல்கின்றனர். அத்தகைய சுற்றுலா ஒன்றில் நேயர்களையும் உடனழைத்துச் செல்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

ஸ்ட்ராண்ட் வீதியில், ஓல்ட்விச் என்னும் இடத்திலே, இரத்தச் சிவப்பு நிறமான பளபளக்கும் ஓடுகள் பதித்த ஒரு கட்டிடம் இருக்கின்றது. இதற்கு மிக அருகிலேதான் புஷ் ஹவுஸ் என்னும் மாளிகை உளது. பல ஆண்டுகளாக பி. பி. சி. நிறுவனத்தாரின் தமிழோசை அங்கிருந்தே ஒலித்தது. 2012ஆம் ஆண்டில் உலக சேவையார் அம்மாளிகையை விட்டு நீங்கும்வரை, அதைச் செவிமடுத்த நம் நாட்டு நேயர்கள் பலருக்குப் புஷ் ஹவுஸ் என்ற பெயர் பழக்கமான பெயராகவே இருந்தது. அந்த மாளிகையின் வாசலிலிருந்து சில அடி தூரத்திலே இப்படி ஒரு பாதாள உலகம் இருந்ததென்பது அவர்களுட் பலருக்குத் தெரிந்திராது.

சிவப்பு ஓடு பதித்த கட்டிடந்தான் ஓல்ட்விச் புகையிரத நிலையம். 1907ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆந் திகதி திறக்கப்பட்டு, 1994ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 30ஆந் திகதி மூடப்பட்டது. உள்ளே நுழைந்ததும் பழைய பிரயாணச் சீட்டு மண்டபம் காணப்படுகின்றது. பச்சை நிறமும் வெண்மையும் கலந்த ஓடுகள் சுவரை அலங்கரிக்கின்றன. அப்பால் 1907ஆம் ஆண்டிற் பொருத்திய லிப்ட் இயந்திரங்கள் அசைவற்று நிற்கின்றன. வழிகாட்டி அவற்றைச் சுட்டிக்காட்டி, இந்நிலையம் மூடப்பட்டதற்குக் காரணம் இவையே என்று கூறுவார். இறுதிக் காலத்தில் இந்நிலையத்தைப் பயன்படுத்தியோர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 450 பேர் மாத்திரமே. லிப்ட் இயந்திரங்களைப் புதுப்பிக்கவோ 30 இலட்சம் பவுண் வேண்டியிருந்தது. ஆகவே நிலையத்தை மூடிவிடுவதே சிக்கனமென்று முடிவு செய்தனர்.

லிப்ட் ஓடாமையால், சுழன்று செல்லும் படிக்கட்டு வழியே நாம் இறங்கவேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட படிகள். இறங்குகின்ற வேளையில், இத்தனை ஆழத்திலே புகையிரதம் ஓட்ட வேண்டுமென்ற எண்ணம் மனிதனுக்கு எப்படி வந்தது என்பதைச் சிந்திப்போம்.

அக்கதை ஒரு புழுவிலிருந்து தொடங்குகின்றது. மரக்கலங்களின் அடிப்பலகையைத் துளைத்து அழிக்கும் கப்பற்புழு என்றொரு பிராணி உண்டு. அது தன் தலையிலுள்ள ஓட்டினால் மரத்தை அரைத்துக்கொண்டு முன்னேறும். தான் கடந்து வந்த துளையின் சுவரைத் தன் உடலிலிருந்து சுரக்கும் பொருளாற் பூசி உறுதியாக்கிக்கொண்டே செல்லும். பிரான்சிலே பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய மார்க் இசம்பார்ட் புரூனல் என்னும் பொறியியலாளர் இப்புழுவின் செயலைக் கூர்ந்து நோக்கினார். மனிதனும் அவ்வாறே மண்ணைக் குடையலாமே என்று அவர் எண்ணினார். அவர் அமைத்த இரும்புக் கவசத்தில் மூன்று தட்டுக்களாக 36 அறைகள் இருந்தன. ஒவ்வோர் அறையிலும் ஒரு தொழிலாளி நின்று, தன் முன்னேயுள்ள மண்ணைச் சிறிது சிறிதாக வெட்டுவார். வெட்டியபின் கவசத்தை முன்னே தள்ளுவர். பின்னாலே கொத்தர்கள் செங்கற்சுவர் எழுப்புவர். மண் சரிந்து விழாதபடி கவசம் தாங்கிக்கொள்ளும்.

இம்முறையினால் தேம்ஸ் நதியின் அடியிலே ரொதர்ஹைத் என்னுமிடத்துக்கும் வோப்பிங் என்னுமிடத்துக்கும் இடையே சுரங்கமொன்றை அமைக்கும் வேலை 1825ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. நதி எளிதில் இடங்கொடுக்கவில்லை. 1827ஆம் ஆண்டிலே ஒரு முறையும், 1828ஆம் ஆண்டு ஜனவரியிலே மறுமுறையும் வெள்ளம் சுரங்கத்துட் புகுந்தது. இரண்டாம் முறை ஆறு தொழிலாளர்கள் மாண்டனர். புரூனலின் மகன், பிற்காலத்திற் பெரும் புகழ் பெற்ற இசம்பார்ட் கிங்டம் புரூனல், அப்போது இருபத்தொரு வயது இளைஞர். அவர் மயிரிழையில் உயிர் தப்பினார். பின்னர் பணமின்மையால் ஏழாண்டுகள் வேலை நின்றது. ஈற்றில் 1843ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆந் திகதி சுரங்கம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 1,300 அடி. வண்டிகள் செல்வதற்கென்றே திட்டமிட்ட போதிலும், வண்டிகள் இறங்குவதற்கான சாய்வுப் பாதைகளைக் கட்டப் பணம் போதவில்லை. ஆகவே ஒரு பெனி கொடுத்து நடந்து செல்வோரே அதனைப் பயன்படுத்தினர். 1869ஆம் ஆண்டில் அதனூடே புகையிரதம் செல்லத் தொடங்கியது. இன்றும் செல்கின்றது.

நதியின் கீழே வழி அமைத்தவர் புரூனல் என்றால், நகரத்தின் கீழே புகையிரதம் ஓடவேண்டுமென்று ஓயாது வாதாடியவர் சாள்ஸ் பியர்சன் என்பவர். இவர் பொறியியலாளர் அல்லர். இலண்டன் நகர சபையின் வழக்கறிஞர். தொழில் இருக்கும் இடத்தை விட்டு எட்டச் சென்று வாழ ஏழைகளுக்கு வழியில்லாமையால், அவர்கள் நகரின் நடுவே, காற்றும் ஒளியும் இல்லாத சேரிகளில் நெருங்கிக் கிடக்க நேர்ந்ததை அவர் கண்டார். மலிவான கட்டணத்தில், விரைவாக வந்து செல்லப் புகையிரதம் இருக்குமானால், தொழிலாளர்கள் நகருக்கு வெளியே நல்ல வீடுகளில் வாழலாம் என்பது அவர் கொண்ட கொள்கை. வீதிகளில் வண்டிகளும் குதிரைகளும் நெருக்கியடித்தமையால், நிலத்தின் கீழே செல்வதன்றி வேறு வழியில்லை என்றும் அவர் வற்புறுத்தினார். பல ஆண்டுகள் அவரை எள்ளி நகையாடியவர்களே அதிகம். அவருடைய முயற்சியினாலேயே மெட்ரோபொலிட்டன் புகையிரதக் கம்பெனிக்கு வேண்டிய மூலதனம் திரண்டது.

அக்காலத்தில் ஆழமாகக் குடையும் முறை கையாளப்படவில்லை. ஒரு வீதியை நெடுக வெட்டிப் பெரிய அகழி தோண்டுவர். அதனுள்ளே இருபுறமும் செங்கற்சுவர் எழுப்பி வளைவான கூரை போடுவர். பின்பு மண்ணால் மூடி மேலே மீண்டும் வீதி அமைப்பர். தலைமைப் பொறியியலாளர் ஜோன் பவுலர். 1862ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிளீட் என்னும் பெருஞ்சாக்கடை உடைத்துக்கொண்டு, கட்டிய சுவர்களைத் தகர்த்துச் சுரங்கத்தை நிரப்பியது. அதனையும் சமாளித்து, 1863ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10ஆந் திகதி, பாடிங்டனிலிருந்து பரிங்டன் வீதி வரை, நாலு மைலுக்குச் சற்றுக் குறைந்த பாதையிலே, உலகின் முதலாவது நிலக்கீழ்ப் புகையிரதம் ஓடியது. அன்று ஒரு நாளில் மாத்திரம் ஏறக்குறைய 38,000 பேர் பிரயாணஞ் செய்தனர். அக்காலப் பிரதம மந்திரியான பாமஸ்டன் பிரபுவுக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. திறப்பு விழாவுக்கு அழைத்தபோது, தம்மால் இயன்ற அளவு காலம் நிலத்தின் மேலேயே இருக்க விரும்புவதாகக் கூறி அவர் மறுத்தார் என்று சொல்லுவர். சாள்ஸ் பியர்சனோ அந்நாளைக் காணவில்லை. நாலு மாதங்களுக்கு முன்னரே, 1862ஆம் ஆண்டு செப்டம்பரில், அவர் காலமாகிவிட்டார்.

பியர்சன் எண்ணியது எண்ணியபடி நடந்ததா? இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்கவேண்டும். புகையிரதப் பாதைக்கு இடம் வேண்டியபோது, விலை குறைந்த இடமென்று முதலிற் கண்ணிற் பட்டது ஏழைகளின் குடியிருப்பே. ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் தம் வீடுகளை இழந்தனர். அவர்களுக்கு மாற்று வீடு கட்டிக் கொடுக்கும் கடமை கம்பெனிக்கு விதிக்கப்படவில்லை. அவர்கள் அயலிலுள்ள சேரிகளிலேயே மேலும் நெருங்கிக் குடிபுகுந்தனர். யாருடைய நன்மைக்கென்று இப்பாதை கருதப்பட்டதோ, அவர்களே முதலில் அதன் சுமையைத் தாங்க நேர்ந்தது. ஆயினும் பியர்சனின் கொள்கை முற்றாக வீண்போகவில்லை. 1864ஆம் ஆண்டிலே, விடியுமுன் 5.30 மணிக்கும் 5.40 மணிக்குமாகத் தொழிலாளருக்கென்று தனி வண்டிகள் ஓடத் தொடங்கின. சென்று திரும்பிவர அவற்றிற் கட்டணம் மூன்று பென்ஸ் மாத்திரமே. 1883ஆம் ஆண்டின் சட்டமொன்று இத்தகைய மலிவு வண்டிகளைப் பெருகச் செய்தது.

நம் மொழியிலே நாம் புகையிரதம் என்று கூறுகின்றோம். அப்பெயர் அந்த முதற் சுரங்க வண்டிக்கு மிகமிகப் பொருந்தும். நீராவி இயந்திரங்கள் கக்கிய புகையும் கந்தக நெடியும் சுரங்கத்தை நிறைத்தன. நிலையமொன்றின் அருகே மருந்துக்கடை வைத்திருந்த ஒருவர், மூச்சுத்திணறி மேலே வரும் பிரயாணிகளுக்கென்றே மருந்துக் கலவையொன்றைத் தயாரித்து விற்றார். 1897ஆம் ஆண்டில் அரசாங்கம் காற்றோட்டத்தைப் பற்றி ஆராய ஒரு குழுவையும் நியமித்தது. புகை வெளியேறுவதற்காக இடையிடையே கூரையில்லாத வெளிகளை விட்டனர். பேஸ்வோட்டர் பகுதியில் லீன்ஸ்டர் கார்டன்ஸ் என்னும் வீதியிலே, வரிசையாக நிற்கும் அழகிய வீடுகளுள் 23, 24 என இலக்கமிட்ட இரண்டு வீடுகள் உண்டு. தூணும் கதவும் யன்னலும் மற்றைய வீடுகளிற் போலவே இருக்கும். ஆனால் அவை வீடுகளல்ல. கதவைத் தட்டினால் திறப்பார் இல்லை. வெறுஞ் சுவரின் பின்னே, தண்டவாளமும் திறந்த வெளியுமே உள்ளன. செல்வர் வாழும் வீதியின் அழகு கெடலாகாதென்று 1860களில் எழுப்பிய பொய்முகம் அது. ஏழைகளின் வீடுகளை இடித்துச் சென்ற பாதை, செல்வரின் வீதியிலே பொய் வீடு கட்டி மரியாதை செய்தது என்பது சிந்திக்கத்தக்கது.

புகைக்கு முடிவு கட்டியது மின்சாரம். தென்னாபிரிக்காவிலே பிறந்த ஜேம்ஸ் கிரேட்ஹெட் என்னும் பொறியியலாளர், புரூனலின் சதுரக் கவசத்தை வட்டக் கவசமாக மாற்றியமைத்தார். செங்கல்லுக்குப் பதிலாக வார்ப்பிரும்பு வளையங்களைப் பொருத்திச் சுரங்கச் சுவரை அமைத்தார். இலண்டனின் களிமண், குடைவதற்கு மென்மையும் நிற்பதற்கு உறுதியும் ஒருங்கே உடையது. தேம்ஸ் நதியின் வடபகுதியிலேயே ஆழச் சுரங்கங்கள் மிகுந்திருப்பதற்கு அக்களிமண்ணும் ஒரு காரணம். கிரேட்ஹெட் அமைத்த பாதையில் 1890ஆம் ஆண்டிலே உலகின் முதலாவது ஆழ நிலக்கீழ் மின்சார வண்டி ஓடியது. சுரங்கத்தின் குறுக்களவு சுமார் 10 அடி மாத்திரமே. சுரங்கத்துட் பார்ப்பதற்கு என்ன இருக்கின்றது என்று எண்ணி, பெட்டிகளுக்கு யன்னல் என்று சொல்லத்தக்க எதையும் வைக்கவில்லை. கூரையின் அருகே சிறு கண்ணாடித் துண்டுகள் மாத்திரம் இருந்தன. நடத்துநர் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் உரக்கக் கூவவேண்டியிருந்தது. பஞ்சு வைத்துத் தைத்த சிறைக்கூடங்கள் என்று மக்கள் அப்பெட்டிகளைப் பரிகசித்தனர். 1900ஆம் ஆண்டில் இன்னொரு கம்பெனி, எவ்வளவு தூரம் சென்றாலும் இரண்டு பென்ஸ் என்று ஒரே கட்டணம் விதித்துப் பெரும் வரவேற்பைப் பெற்றது.

பின்னர் அமெரிக்காவின் சிக்காகோ நகரிலிருந்து சாள்ஸ் யேர்க்ஸ் என்னும் முதலாளி வந்தார். கைதேர்ந்த வணிகர், நேர்மையிற் பெயரெடுத்தவரல்லர். அவர் திரட்டிய பணமே மூன்று புதிய ஆழப் பாதைகளுக்கும், செல்சியிலே லொட்ஸ் ரோட் மின்சார நிலையத்துக்கும் அடிப்படையாயிற்று. அப்பாதைகள் 1906, 1907ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டன. அவரோ 1905ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார். இப்பாதைகளின் நிலையங்களை வரைந்தவர் லெஸ்லி கிரீன் என்னும் இளங்கலைஞர். நாம் வாயிலிற் கண்ட சிவப்பு ஓட்டுக் கட்டிடமும் அவருடைய கைவண்ணமே. சில ஆண்டுகளுக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட நிலையங்களை வரைந்த அவர், 1908ஆம் ஆண்டிலே தமது முப்பத்துமூன்றாம் வயதிற் காலமானார்.

இப்போது நாம் ஓல்ட்விச் நிலையத்தின் அடித்தளத்தை அடைந்துவிட்டோம். மேடையொன்றிலே பழைய வண்டியொன்று நிற்கின்றது. நிலையம் மூடப்பட்ட பின்னரும் திரைப்படக் கம்பெனிகள் இங்கு வந்து படம் பிடிப்பதுண்டு. சுவரிலுள்ள விளம்பரங்களுட் பல அத்தகைய படங்களுக்காக ஒட்டியவையே. எது பழையது, எது போலியானது என்று வழிகாட்டி சொன்னாலன்றித் தெரியாது. மற்றைய மேடை 1914ஆம் ஆண்டிலேயே கைவிடப்பட்டது. தொடக்கத்திலிருந்தே இந்நிலையத்துக்குக் கூட்டம் சேரவில்லை. லிப்ட் இயந்திரங்களுக்கென மூன்று கிணறுகள் தோண்டினர். ஒன்றிலே மாத்திரமே இயந்திரம் பொருத்தினர். மனிதருக்குப் பயன்படாத இம்மேடை, போர்க்காலத்திலே பெரும்பயன் தந்தது. முதலாவது உலக யுத்தத்தில் தேசிய ஓவிய மண்டபத்தின் ஓவியங்கள் பலவற்றை இங்கே மறைத்து வைத்தனர். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரித்தானிய நூதனசாலையின் பொருள்கள் வந்தன. கிரேக்க நாடு இன்றும் திருப்பிக் கேட்டு வருகின்ற பார்த்தினன் ஆலயச் சிற்பங்களும் அவற்றுள் அடங்கும்.

1940ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7ஆந் திகதி ஜெர்மானிய விமானங்கள் இலண்டன் மீது பெருந் தாக்குதலைத் தொடங்கின. நிலக்கீழ் நிலையங்களை மக்கள் புகலிடமாகக் கொள்ளலாகாது என்பது அதுவரை அரசாங்கத்தின் கட்டளையாக இருந்தது. போக்குவரத்துத் தடைப்படும் என்பது ஒரு காரணம். ஒருமுறை ஆழத்துக்குச் சென்று அபயம் பெற்றவர்கள் மீண்டும் மேலே வந்து வேலை செய்ய மனங்கொள்ளார் என்பது மற்றொரு காரணம். மக்கள் அக்கட்டளையை வாதிட்டு எதிர்க்கவில்லை. ஒன்றரைப் பென்ஸ் கொடுத்து ஒரு பிரயாணச் சீட்டு வாங்கினர், கீழே சென்றனர், திரும்பி வரவில்லை. போர்வையும் தலையணையும் குழந்தையுமாக வந்து மேடையிற் படுத்தனர். அவர்களை வெளியேற்ற எவராலும் இயலவில்லை. சில நாட்களுக்குள் அரசாங்கமே இணங்கியது. அம்மாத முடிவிலே ஓரிரவிற் கணக்கெடுத்தபோது 177,000 பேர் சுரங்கங்களில் உறங்கினர். பிறகு படுக்கைத் தட்டுக்களும், மலசலகூடங்களும், தேநீர் விற்கும் வண்டிகளும் ஏற்படுத்தப்பட்டன. ஓல்ட்விச் நிலையத்திலும் வண்டிகளை நிறுத்தி, அதனை முழுப் புகலிடமாக்கினர். விலைமதிப்பற்ற சிற்பங்கள் உறங்கிய அதே சுரங்கத்தின் இன்னொரு பகுதியிலே இலண்டனின் சாதாரண மக்களும் உறங்கினர்.

இலண்டன் மக்கள் எல்லாரும் சுரங்கத்திலேயே போரைக் கழித்தனர் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. 1940ஆம் ஆண்டு நவம்பரில் எடுத்த கணக்கின்படி, சுரங்க நிலையங்களில் உறங்கியோர் நூற்றுக்கு நால்வர் மாத்திரமே. பெரும்பாலோர் தத்தம் வீடுகளிலேயே இருந்தனர். ஆழத்திலே செல்வதும் முற்றான பாதுகாப்பன்று. 1940ஆம் ஆண்டு அக்டோபரில் பாலம் நிலையத்திலும், 1941ஆம் ஆண்டு ஜனவரியில் பாங்க் நிலையத்திலும் குண்டு விழுந்து, புகல் தேடி வந்தவர்கள் பலர் மாண்டனர்.

எல்லாவற்றிலும் கொடியது பெத்னல் கிரீன் நிலையத்தில் நிகழ்ந்தது. 1943ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆந் திகதி இரவு அபாயச் சங்கு ஒலித்தது. மக்கள் மழையில் நனைந்த படிக்கட்டில் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தனர். அருகிலிருந்த பூங்காவிலிருந்து, அதுவரை கேட்டறியாத பேரோசையோடு, விமான எதிர்ப்பு ரொக்கெட்டுகள் பாய்ந்தன. குண்டென்று எண்ணி எல்லாரும் விரைந்தனர். அடியிலே ஒரு பெண் தடுக்கி விழுந்தாள். அவள்மேல் பின்னால் வந்தோர் விழுந்தனர். படிக்கட்டில் விளக்கு மங்கலாக இருந்தது. நடுவே பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. சில நிமிடங்களில் 173 பேர் மூச்சடைத்து இறந்தனர். அவர்களுள் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அங்கே ஒரு குண்டும் விழவில்லை. அந்த வாயிலைத் திருத்தி அமைக்க வேண்டுமென்று உள்ளூர்ச் சபையார் 1941ஆம் ஆண்டிலேயே கேட்டிருந்தனர்; மேலிடத்தார் பணம் தர மறுத்துவிட்டனர். விசாரணை அறிக்கை 1945ஆம் ஆண்டுவரை வெளியிடப்படவில்லை. அதுவரை பழி முழுவதும் மக்களின் பீதிமேலேயே சுமத்தப்பட்டது. அவ்விடத்திலே நினைவுச் சின்னம் ஒன்று முழுமையாக எழுந்தது 2017ஆம் ஆண்டிலேதான்.

சுற்றுலா செல்வோர் காணும் வேறு இரண்டு இடங்களையும் சுருக்கமாகக் கூறுவது பொருந்தும். ஒன்று டவுன் ஸ்ட்ரீட் நிலையம். செல்வர்கள் வாழ்ந்த மேபெயர் பகுதியிலே 1907ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது. சொந்த வண்டி வைத்திருந்தோருக்கு அது வேண்டியிருக்கவில்லை; ஆகையால் 1932ஆம் ஆண்டில் மூடப்பட்டது. போர்க்காலத்தில் நாட்டின் புகையிரதங்களை நடத்திய குழுவினர் அங்கே சுவரெழுப்பி அலுவலகம் அமைத்தனர். 1940ஆம் ஆண்டின் இறுதியிற் பிரதம மந்திரி சேர்ச்சிலும் சில இரவுகளை அங்கே பாதுகாப்பாகக் கழித்தார்.

மற்றையது கிளாப்பம் சவுத். போர் தொடங்கிய பின்னர், மக்களின் வற்புறுத்தலினால், நிலையங்களுக்கும் கீழே எட்டு ஆழப் புகலிடங்களை அரசாங்கம் அமைத்தது. அவற்றுள் இதுவும் ஒன்று. ஆயிரக்கணக்கானோர் உறங்கத்தக்க படுக்கைத் தட்டுக்கள் இன்றும் அங்கே வரிசையாக நிற்கின்றன. சுரங்கத்தின் பகுதிகளுக்குக் கடற்படைத் தளபதிகளின் பெயர்களை இட்டுள்ளனர். 1944ஆம் ஆண்டிலேதான் இது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆயின் இவ்விடத்தின் புகழுக்குக் காரணம் போரன்று. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எம்பயர் விண்ட்ரஷ் என்னும் கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானோரை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. தங்க இடமில்லாத 236 பேரை இந்தச் சுரங்கத்திலே தங்க வைத்தனர். பகலிலே மேலே வந்து, அண்மையிலுள்ள பிரிக்ஸ்டன் பகுதிக்குச் சென்று வேலை தேடினர். வேலை கிடைத்தவர்களுட் பலர் அப்பகுதியிலேயே குடியேறினர். 1956ஆம் ஆண்டு தொடக்கம் இலண்டன் போக்குவரத்துச் சபையாரே பார்படோஸ் தீவுக்கு ஆளனுப்பித் தொழிலாளரைத் திரட்டினர். சுரங்கத்தில் ஒரு சில வாரம் விருந்தினராக இருந்தவர்களின் நாட்டவர்களே பின்னர் அந்தப் புகையிரதங்களை ஓட்டினர், சீட்டுக்களை விற்றனர், நிலையங்களைக் காத்தனர்.

இத்தனை கிளைகள் கொண்ட பாதையை ஒருவர் எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்வது? அதற்கு விடை கண்டவர் ஹரி பெக் என்னும் மின்வரைபடக் கலைஞர். நிலத்தின் கீழே செல்பவருக்கு மேலேயுள்ள வீதியின் வளைவு நெளிவுகள் வேண்டியதில்லை. எந்த நிலையத்துக்குப் பின் எந்த நிலையம், எங்கே வண்டி மாறுவது என்பனவே வேண்டும் என்று அவர் கண்டார். தூரத்தைப் பொருட்படுத்தாது, நேர்கோடுகளையும் சாய்கோடுகளையும் மாத்திரங் கொண்டு 1931ஆம் ஆண்டில் ஒரு படம் வரைந்தார். அதிகாரிகள் முதலில் அதை ஏற்கவில்லை. 1933ஆம் ஆண்டில் அச்சிட்டு வழங்கியபோது மக்கள் அதனை விரும்பி ஏற்றனர். இன்று உலகின் பல நகரங்களின் புகையிரதப் படங்களும் அதே முறையைப் பின்பற்றுகின்றன.

மீண்டும் படியேறி வெளியே வருவோம். ஏறும்போது கை தானாகவே பக்கத்திலுள்ள கைப்பிடியைப் பற்றுகின்றது. பெத்னல் கிரீன் படிக்கட்டின் நடுவே கைப்பிடி பொருத்தியது 173 பேர் இறந்த பின்னரே. நகரும் படிக்கட்டுகள் 1911ஆம் ஆண்டில் இலண்டன் நிலையங்களுக்கு வந்தன. அவற்றிற் பல மரத்தாலானவை. 1987ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆந் திகதி, கிங்ஸ் குரோஸ் நிலையத்தில், யாரோ எறிந்த ஒரு தீக்குச்சி அத்தகைய படிக்கட்டின் அடியில் விழுந்து பெருநெருப்பாகி 31 உயிர்களைக் கொண்டது. அதன் பின்னரே மரப்படிக்கட்டுக்களை அகற்றத் தொடங்கினர். கடைசிப் படிக்கட்டு அகற்றப்பட்டது 2014ஆம் ஆண்டிலே.

நேயர்களே, இன்று பல ஆசிய நாடுகளின் பெருநகரங்களும் நிலத்தின் கீழே பாதை அமைத்து வருகின்றன. இலண்டன் 160 ஆண்டுகளிலே கற்றவற்றை அவை சில ஆண்டுகளிற் கற்றுக்கொள்ளலாம். சுரங்கம் குடையும் வித்தையை மாத்திரமன்றி, எவருடைய வீட்டை இடித்து அப்பாதை செல்கின்றது, எவருக்கு அது பயன்படுகின்றது, உள்ளூர் மக்கள் ஓர் ஆபத்தைச் சுட்டிக்காட்டும்போது அதைக் கேட்பவர் யார் என்ற கேள்விகளையும் அந்நகரின் வரலாறு எழுப்புகின்றது. ஓல்ட்விச் நிலையத்தின் வாயிலை விட்டு நாம் வெளியே வந்ததும் வழிகாட்டி கதவைப் பூட்டிவிடுகின்றார். ஸ்ட்ராண்ட் வீதியிலே மக்கள் தத்தம் அலுவலாக விரைந்துகொண்டிருக்கின்றனர். அவர்களின் காலடியிலே, பூட்டிய கதவுக்கு அப்பால், அந்தப் படிகள் இருளில் இறங்கிச் செல்கின்றன.